செப்பாங்குக்குப் போகும் முன் எதைக் கழற்றலாம்?
வாசகர் கேள்வி பதில்: கார் எடைக் குறைப்பு

சிங்கப்பூரில் பொழுதுபோக்கு ஓட்டுநர்களுக்கென நிரந்தரப் பந்தயத்தடம் கிடையாது. அதனால் ‘டிராக் டே’ (சொந்தக் காரைப் பந்தயத்தடத்தில் ஓட்டும் நாள்) என்றால் நம்மில் பலருக்கு மலேசியாவின் செப்பாங் தடம்தான். அன்றாடம் வேலைக்குப் போகும் காரையே அங்கும் ஓட்டுகிறவர்கள் எடைக் குறைப்பு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என்னிடம் இருப்பது 2008 சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். முதன்முறையாகச் செப்பாங் போகிறேன். வாகனச் சோதனையில் சிக்கல் வராமல் எவ்வளவு எடையைக் குறைக்க முடியும்? எதிலிருந்து தொடங்குவது? – ஈசூன் வாசகர்

சுமார் 45 கிலோ குறைக்கலாம். அதையும் செலவே இல்லாமல், தடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். திரும்பும்போது எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். அதுதான் முக்கியம். பத்து வயது தாண்டிய உங்கள் கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது. பதிவில் உள்ள இருக்கை எண்ணிக்கையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது. பின்னிருக்கையை வீட்டில் விட்டுவிட்டு மலேசியாவுக்குப் போகும் துவாஸ் பாலம் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். கழற்றிய இருக்கையை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எங்கே வைப்பது என்பதும் ஒரு பிரச்சினை. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி திறந்திருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி.

முதலில் 50 கிலோ வரை காட்டும் பயணப்பெட்டித் தராசு ஒன்று வாங்குங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் அதில் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் எடைப் பட்டியல்கள் பெரும்பாலும் வேறு நாட்டு மாடலுக்கானவை. உங்கள் அளவிலான காரில் தோராயமாக இப்படி வரும் (கிலோவில்): ஸ்பேர் சக்கரம் 12, ஜாக்கியும் கருவிகளும் 3, பின்னிருக்கை அடியும் சாய்வும் சேர்த்து 20, பூட் மூடுதட்டு 2, தரை விரிப்புகள் 3. குழந்தை இருக்கை மாட்டியிருந்தால் அதுவும் சுமார் 8 கிலோ இருக்கலாம். குடை, தண்ணீர்ப் புட்டி, கதவுப் பையில் கிடக்கும் சில்லறை எல்லாமும் வெளியே போக வேண்டும். இவற்றை எடுப்பது எடைக்காக மட்டுமல்ல. பிரேக் மிதிக்கும்போது உருண்டு வந்து பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் ஒரு புட்டி போதும், நாளே கெட்டுவிடும். ஓட்டுநர் பக்க விரிப்பையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

ஸ்பேர் சக்கரத்தை இங்கிருந்தே விட்டுவிட்டுப் போகாதீர்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சுமார் 300 கி.மீ. போக வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். தடத்தின் பிட் கொட்டகையில் (கார்களை நிறுத்தித் தயார்செய்யும் இடம்) இறக்கி வைத்தால் போதும்.

பின்னிருக்கையைக் கழற்றும்போது மூன்றைக் கவனியுங்கள். பல கார்களில் இருக்கை வார் கொளுவியின் போல்ட்டும் இருக்கையின் போல்ட்டும் அருகருகே இருக்கும். வார் போல்ட்டைத் தொட நேர்ந்தால் திரும்ப மாட்டும்போது கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ‘கை இறுக்கம்’ போதாது. இருக்கை அடியில் வட்டமான தகர மூடி தெரிந்தால் அது பெட்ரோல் பம்புக்கான வழி. சுற்றியுள்ள கறுப்புப் பசையைக் கிளறாதீர்கள். கிளறினால் காருக்குள் பெட்ரோல் வாடை ஏறும். மூன்றாவது, போல்ட்டுகளை ஜிப் பையில் போட்டு எந்த இடத்துக்கானவை என்று எழுதி வையுங்கள். மாலையில் களைத்துப் போய் மாட்டும்போது ஒரு போல்ட் மிஞ்சுவதற்குக் காரணம் இதைச் செய்யாததுதான்.

45 கிலோவால் என்ன பயன் என்று கேட்கலாம். 1,060 கிலோ காரில் அது 4 விழுக்காடு. நேர்ச்சாலை வேகத்தில் பெரிதாகத் தெரியாது, பிரேக்கில் தெரியும். 170 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக் ஏறத்தாழ 12 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். 45 கிலோ குறைந்தால் ஒவ்வொரு முறையும் 50,000 ஜூல் மிச்சம். செப்பாங்கில் நீண்ட நேர்ச்சாலைகள் இரண்டு, இரண்டின் முடிவிலும் கடும் பிரேக். சில சுற்றுகளில் மென்மையாகிப் போகும் பெடல் இன்னும் சற்று நேரம் தாங்க இது உதவும்.

ஏர்கானைக் கழற்றினால் 15 கிலோ குறையும் என்கிறார்கள். செய்யலாமா? – தெம்பனிஸ் வாசகி

வேண்டாம். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கம்ப்ரெசர், கண்டென்சர், குழாய்கள், எவாப்பரேட்டர் எல்லாம் சேர்த்து 15 கிலோ வரலாம். ஆனால் செப்பாங்கின் பிற்பகல் மழையை நினைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தடம் நனைந்துவிடும். ஹெல்மெட்டுக்குள் மூச்சு, நனைந்த உடை, மூடிய கண்ணாடிகள் எல்லாமாகச் சேர்ந்து முன்கண்ணாடி உள்ளே பனித்துப்போகும். வெறும் காற்றாடி அதை நீக்காது. வெளியிலிருந்து வருவதும் ஈரக்காற்றுதானே? ஏர்கான் அந்தக் காற்றைக் குளிர்வித்து ஈரத்தைத் தண்ணீராக வடித்துவிட்டு உலர்காற்றைக் கண்ணாடியில் அடிக்கிறது. அது இல்லாவிட்டால் 150 கி.மீ. வேகத்தில் கையுறையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

வெயிலும் அப்படித்தான். 33 பாகை வெப்பத்தில் நீளக்கைச் சட்டையும் ஹெல்மெட்டுமாக 20 நிமிடம் ஓட்டிவிட்டு உள்ளே வருபவருக்கு, அடுத்த ஓட்டத்துக்கு முன் உடல் குளிர வேண்டும். குளிராத உடல் தவறான முடிவெடுக்கும்.

வேலையும் எளிதல்ல. குளிர்வாயுவைக் காற்றில் திறந்துவிடக்கூடாது, பணிமனையில் இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். கம்ப்ரெசர் போனால் பெல்ட்டின் பாதை மாறும், நீளம் குறைந்த பெல்ட்டோ மாற்றுப் புல்லியோ தேவைப்படும். கிளட்ச் உள்ள கம்ப்ரெசரில் சுவிட்சை அணைத்தாலே புல்லி மட்டும்தான் சுற்றும், என்ஜின் சக்தி போகாது. தடத்தில் அணைத்து வைத்து, மழை வந்ததும் போடுங்கள்.

சக்கரத்தில் 1 கிலோ குறைத்தால் காரின் உடலில் 10 கிலோ குறைத்ததற்குச் சமம் என்று ரிம் விற்பவர் சொல்கிறார். உண்மையா? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

இல்லை. உருளும் பொருளுக்கு நேரே நகரும் எடையும் உண்டு, சுழலும் எடையும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் அதிகபட்சம் இரண்டு மடங்குதான் வரும். அதுவும் முழு எடையும் டயரின் வெளி விளிம்பில் இருந்தால் மட்டுமே.

16 அங்குல ரிம்மின் ஆரம் 203 மி.மீ., அதில் 195/50 டயர் போட்டால் சக்கரத்தின் ஆரம் சுமார் 300 மி.மீ. ரிம் விளிம்பில் ஒரு கிலோ குறைத்தால், காரை முடுக்குவதில் அது 1.46 கிலோவுக்குச் சமம். ரிம்மின் நடுப்பகுதியில் குறைத்தால் இன்னும் குறைவு. நான்கு ரிம்மிலும் இரண்டு கிலோ குறைத்து 8 கிலோ மிச்சப்படுத்தினால் கணக்கில் 12 கிலோ கூட வராது. விற்பவர் கணக்கில் அது 80 கிலோ!

இதற்காக லேசான ரிம் வீண் என்று சொல்லவில்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் டயர் மேடுபள்ளத்தில் துள்ளாமல் தரையை விடாது பிடிக்கும். ஸ்டியரிங்கில் அது கையிலேயே தெரியும். ஆனால் லேசான ரிம் வாங்கிவிட்டு அகலமான, ஒரு கிலோ கூடுதலான டயர் போடுகிறவர்கள் உண்டு. டயரின் எடை வெளி விளிம்பில் இருக்கிறது, அந்த ஒரு கிலோ 1.9 கிலோவாகக் கணக்காகும். ரிம்மில் மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதி அங்கே போய்விடும். டயரையும் தராசில் வையுங்கள்.

வாங்கும்போது ‘ஜேடபிள்யூஎல்’ (ஜப்பானிய அலாய் சக்கரத் தரம்) முத்திரையும் தாங்கும் எடையும் ரிம்மின் உள்பக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நட்டுகளைக் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியபின் மறுபடி சரிபாருங்கள். சூட்டோடு இறுக்கினால் அளவு தப்பும்.

லித்தியம் பேட்டரி போட்டேன், 10 கிலோ குறைந்தது. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை நிறுத்தி வைத்தால் சனிக்கிழமை கார் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி கெட்டுவிட்டதா? – புக்கிட் பாத்தோக் வாசகர்

கெட்டிருக்காது. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர்-மணியை மறுபடி படியுங்கள். பல லித்தியம் பேட்டரிகளில் பெரிய எழுத்தில் இருப்பது ‘ஈய பேட்டரிக்குச் சமமான’ எண். 36 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது 12 ஆம்பியர்-மணியாக இருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் வேகத்துக்கு அது போதும், சேமிப்புக்குப் போதாது. நிறுத்திய பின்னும் ஓடும் கேமரா 0.3 ஆம்பியர் இழுத்தால் 40 மணி நேரத்தில் பேட்டரி காலி. அப்போது உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நீங்கள் பார்ப்பது அந்தத் துண்டிப்பைத்தான்.

கேமராவின் நிறுத்துமிட நிலையை அணைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். சார்ஜரில் ‘சல்ஃபேட் நீக்கம்’ என்ற நிலை இருந்தால் அதை லித்தியத்துக்குப் போடாதீர்கள். என்ஜின் ஓடும்போது முனைகளில் மீட்டர் வைத்தால் 14.2 முதல் 14.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று: பழைய பேட்டரியைவிட இது சிறியது. பிடிப்பான் சரியாக இறுக்காவிட்டால் வளைவில் நகர்ந்து நேர்முனை பானெட்டைத் தொடும், தீப்பொறி பறக்கும். நேர்முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம்.

முன்னிருக்கையை எடுத்துவிட்டு பக்கெட் இருக்கையும் நான்கு முனை வாரும் போடலாமா? – செங்காங் வாசகர்

தடத்துக்கு மட்டும் என்றாலும் அவசரப்படாதீர்கள். மின்மோட்டார் உள்ள இருக்கை 20 கிலோவுக்கு மேல், பக்கெட்டும் அது நகரும் தண்டவாளமும் 10 கிலோ. குறைவது உண்மை. ஆனால் நான்கு முனை வாரில் கால்களுக்கிடையே போகும் பட்டை இல்லை. மோதலில் தோள் வார்கள் இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு மேலே இழுக்கும், உடல் அடியில் நழுவும். கார் புரண்டால் வேறொரு ஆபத்து: சாதாரண வாரில் உடல் பக்கவாட்டில் சாயும், பந்தய வார் உங்களை நிமிர்த்தியே பிடித்திருக்கும். மேலே உருள்கம்பி (கார் புரண்டால் கூரையைத் தாங்கும் கம்பிச் சட்டம்) இல்லாத காரில் நசுங்கும் கூரை நேராகத் தலைக்கு வரும். பக்கெட் இருக்கை, ஆறு முனை வார், உருள்கம்பி மூன்றும் ஒரே தொகுப்பு. அந்தத் தொகுப்பைச் சாலைக் காரில் பொருத்த ஆணையத்திடம் முதலில் கேட்க வேண்டும். அதுவரை தொழிற்சாலை இருக்கையும் மூன்று முனை வாருமே உங்களைப் பத்திரமாக வைத்திருக்கும்.

பழைய இருக்கையில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் பேட்டரியைத் துண்டித்துச் சில நிமிடம் காத்திருந்த பிறகே மஞ்சள் இணைப்பியைத் தொடுங்கள். அது கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரியும், பிழைக் குறியீடும் பதிவாகும்.

பின்னாலிருந்த எல்லாவற்றையும் எடுத்த பிறகு, பிரேக் பிடித்து வளைவில் நுழையும்போது காரின் வால் ஆடுகிறது. ஏன்? – உட்லண்ட்ஸ் வாசகர்

எடுத்த எடையெல்லாம் பின்னச்சிலிருந்துதான் போனது. முன்பக்கம் 62 விழுக்காடு உள்ள 1,060 கிலோ கார் என்று வைத்துக்கொள்வோம். பின்னச்சின் மேல் 40 கிலோ குறைந்தால் முன்பக்கப் பங்கு 64.4 விழுக்காடாகும். பின் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்றால் பின்பக்கம் 8 மி.மீ. உயரும். அதோடு பழைய எடைக்கு அமைத்த டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்) இப்போது கடினமாக இருக்கும். பின்டயர்கள் தரையைத் தேடுகின்றன.

டேம்பரில் சரிசெய்யும் திருகு இருந்தால் பின்பக்க ரீபவுண்டை (அழுந்திய ஸ்பிரிங் திரும்ப விரிவதை அடக்கும் அளவை) இரண்டு கிளிக் தளர்த்துங்கள். பின்டயரின் சூடான காற்றழுத்தத்தை 0.1 பார் குறைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். எதுவும் பலிக்காவிட்டால் ஸ்பேர் சக்கரத்தைத் திரும்பப் போட்டு, இறுக்கிக் கட்டி ஓட்டுங்கள். தாழ்வாக, பின்னால் இருக்கும் 12 கிலோ சில கார்களில் உதவிதான். முன்பக்கம் கனமான காரில் எடையை முன்னாலிருந்து குறைப்பதே நல்லது. அந்த வகையில் புக்கிட் பாத்தோக் வாசகரின் பேட்டரி சரியான தேர்வு.

காருக்குள் தரையில் இரைச்சலைத் தடுக்க ஒட்டியிருக்கும் தார்த்தகடுகளை உலர்பனி வைத்து எடுக்கலாமா? – பொங்கோல் வாசகர்

எடுக்கலாம், ஆனால் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். உலர்பனியின் வெப்பநிலை மைனஸ் 78 பாகை. தடித்த கையுறை போட்டு, நொறுக்கிய பனியைத் தகட்டின் மேல் பரப்பி 10 நிமிடம் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும். நிலத்தடிக் கார்ப்பேட்டையில் இதைச் செய்யாதீர்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். திறந்த வெளியில், காரின் கதவுகளை எல்லாம் திறந்து வைத்துச் செய்யுங்கள். அடியில் புகைக்குழாய் போகும் நடுமேட்டின் மேல் உள்ளதை விட்டுவிடுங்கள், வெப்பத்தைத் தடுப்பது அதுதான். காரின் இரும்புத் தகடுகள் சேரும் இடத்தில் உள்ள பசையைத் தார் என்று நினைத்துச் சுரண்டினால் மழைநீர் இறங்கி, ஓராண்டில் துரு பிடிக்கும்.

பெட்ரோலையும் குறைக்க வேண்டுமா? – ஈசூன் வாசகர் (மற்றொருவர்)

சோதனைச்சாவடியைக் கடக்கும்போது சிங்கப்பூர்ப் பதிவுக் காரில் முக்கால் தொட்டி இருக்க வேண்டும். 45 லிட்டர் தொட்டியில் அது 34 லிட்டர், ஏறத்தாழ 25 கிலோ. செப்பாங் போய்ச் சேரும்போது அதில் 25 லிட்டர் கரைந்திருக்கும். மீதி 9 லிட்டரோடு தடத்தில் இறங்கிவிடாதீர்கள். நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். என்ஜின் இருமும், அதுவும் முழு வேகத்தில். நெடுஞ்சாலை நிலையத்தில் ஆர்ஓஎன்97 தரப் பெட்ரோல் போட்டு (வெளிநாட்டுக் காருக்கு ஆர்ஓஎன்95 கிடையாது) அரைத் தொட்டியில் தொடங்கி, கால் தொட்டியில் நிறுத்துங்கள். உட்லண்ட்ஸ் வாசகரும் கவனிக்க: பல கார்களில் தொட்டி பின்னிருக்கைக்குக் கீழேதான் இருக்கிறது. அவருக்குத் தேவையான இடத்தில் இருக்கும் எடை அது.