வரையத் தெரிந்த பையனுக்கு இன்டீரியர் டிசைன் சரிப்படுமா?

சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிளஸ் டூ காமர்ஸ் படிக்கும் மகன் நன்றாக வரைகிறான், அவனை பி.எஃப்.ஏ. என்ற கவின் கலைப் பட்டப் படிப்பில் சேர்ப்பதா, இன்டீரியர் டிசைனா என்பது உங்களுடையது. “வீட்டுக்குள்ள படம் மாட்டுறதுக்கு நாலு வருஷப் படிப்பா?” என்பது அவன் அப்பாவுடையது. அவருக்கே முதலில் பதில் சொல்கிறேன். அது தெளிந்தால் உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

உங்கள் ஹாலில் தாத்தா பாட்டி படம் எங்கே தொங்குகிறது? அநேகமாக நிலைக்கு மேலே, ஏழடிக்கும் மேலான உயரத்தில், முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி இருக்கும். பெரியவர்கள் உயரத்தில் இருக்கட்டும் என்ற மரியாதை அது. சாய்த்து மாட்டுவதால் கீழே நிற்பவருக்கும் முகம் தெரியும். விவரமான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். புதிதாக வாங்கிய ஓவியத்தையும் அதே வரிசையில் ஏற்றும்போதுதான் அந்த ஓவியம் வீணாகிறது. கேலரிகளில் ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்கும்படி மாட்டுவார்கள். நிற்பவரின் கண் மட்டம் அது. சோபாவுக்கு மேலே என்றால் சோபா அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு ஓவியம் வர வேண்டும், சோபா முதுகுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆறு முதல் எட்டு அங்குல இடைவெளி போதும். ஆறடி சோபாவுக்கு மேல் ஒன்றரை அடிப் படம் ஒன்று உச்சியில் தனியாகத் தொங்கினால், பெரிய கவரில் ஒட்டிய தபால் தலை மாதிரிதான் தெரியும்.

இது தெரிந்தால் போதுமா? போதாது. தேக்குச் சட்டம் போட்ட பெரிய தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பலகை, அதன்மேல் துணி, புடைப்பு வேலை, தங்க ரேக்கு, கற்கள், முன்னால் கண்ணாடி. நல்ல கனம். ஜிப்சம் போர்டு சுவர் தனியாக அதைத் தாங்காது. போர்டை மூடுவதற்கு முன்பே உள்ளே பிளைவுட் கொடுத்திருக்க வேண்டும். விளக்கை நேர் மேலே வைத்தால் சட்டத்தின் நிழல் சாமி முகத்தில் விழும். நேர் எதிரே வைத்தால் கண்ணாடியில் பல்புதான் தெரியும். மேலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் வெளிச்சம் விழுந்தால் தங்கம் உயிர் பெறும். அந்த விளக்குக்கான ஒயரை ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன் இழுத்திருக்க வேண்டும். மழையில் ஊறும் வெளிச்சுவர் என்றால் பூஞ்சை பிடிக்கும். சட்டத்துக்குப் பின்னால் கார்க் துண்டு வைத்துக் காற்றோட்டம் விட வேண்டும், முடிந்தால் வேறு சுவருக்கே மாற்ற வேண்டும். மேற்கு வெயில் படும் இடத்தில் வாட்டர்கலர் வைத்தால் சில வருடங்களில் வெளுத்துவிடும்.

ஆக, ஆணி அடிக்கும் நாளுக்குப் பல மாதம் முன்பே முடிவாக வேண்டிய விஷயங்கள் இவை. நம் ஊரில் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட் எல்லாம் முடிந்து காசும் தீர்ந்த பிறகுதான் படம் ஞாபகத்துக்கு வரும். இதை முதலிலேயே யோசிக்கத் தெரிந்த டிசைனருக்கு மதிப்பு உண்டு.

வீட்டை விடுங்கள். 100 அறை ஓட்டலில் அறைக்கு இரண்டு படம் என்றாலே 200 படம் வாங்கி, சட்டம் போட்டு, யாரும் கழற்ற முடியாதபடி பொருத்த வேண்டும். 2014-ல் திறந்த மும்பை விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில், வடிவமைப்பாளர் ராஜீவ் சேத்தி பொறுப்பில் ஆயிரக்கணக்கான கலைப்பொருட்களை வைத்தார்கள். 2023-ல் திறந்த சென்னை விமான நிலையப் புது முனையத்தில் கோலமும் சேலையும் கோயிலும் வடிவமைப்புக்குள்ளேயே வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட வேலைகளில் ஓவியர், டிசைனர், இரண்டு பேருக்கும் நடுவில் பேசும் ஆர்ட் கன்சல்டன்ட் என்று பலருக்கும் இடம் இருக்கிறது.

சரி, உங்கள் மகன் இதில் யார்? ஹால் சுவர் ஒன்றை ஒரு வாரம் அவனிடம் விடுங்கள். சின்னதாக ஒரு பட்ஜெட், ஒரு டேப். உட்கார்ந்து வரையத் தொடங்கினால் அவன் பி.எஃப்.ஏ. பக்கம். சுவரை அளந்து, ஜன்னல் வெளிச்சம் எப்போது வருகிறது என்று பார்த்து, சோபாவை நகர்த்தச் சொன்னால் இன்டீரியர் பக்கம். இன்னொன்றையும் கவனியுங்கள். “பிள்ளையார் படம் இங்கேதான் இருக்கணும்” என்று நீங்கள் சொல்லும்போது முகம் சுளிக்கிறானா, அதற்கேற்ப மாற்றி யோசிக்கிறானா? சுவர் வாடிக்கையாளருடையது. சுளிக்கிற பையன் இந்தத் தொழிலில் ரொம்பக் கஷ்டப்படுவான்.

பி.எஃப்.ஏ. என்றால் 1850-ல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. நான்கு வருடம், வரைதிறன் தேர்வு உண்டு. சென்னையில் பெயிண்டிங் மட்டுமல்ல, செராமிக், டெக்ஸ்டைல் பிரிவுகளும் இருப்பதைக் கவனியுங்கள். சுவரில் வருவது கேன்வாஸ் மட்டும் இல்லையே.

டிசைன் என்றால் அகமதாபாத்தில் இருக்கும் என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), சி.இ.பி.டி. பல்கலைக்கழகம் இரண்டும் பெயர் பெற்றவை. என்.ஐ.டி. நுழைவுத் தேர்வைக் காமர்ஸ் மாணவரும் எழுதலாம். ஆனால் முதல்நிலைத் தேர்வு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கிலேயே முடிந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தேடினால் அந்த வருஷம் போச்சு. பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் படிப்பு அவனுக்கு இல்லை, அதற்குக் கணக்கும் இயற்பியலும் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் என் ஓட்டு பி.எஃப்.ஏ.வுக்கு. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் போன்ற கம்ப்யூட்டர் வரைபட மென்பொருள் எல்லாம் அப்புறமும் கற்றுக்கொள்ளலாம். பதினெட்டு வயதில் கையும் கண்ணும் பழகுவது போலப் பின்னால் பழகாது. வீட்டு நிலைமைக்குச் சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்றால் மட்டும் பி.டெஸ். என்ற டிசைன் பட்டப் படிப்பைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று யாரும் போர்டு வைக்கலாம். அதனால்தான் தெருவுக்குத் தெரு ஆறு மாத டிப்ளமோ. “வேலை உறுதி” விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். எந்தக் கல்லூரியானாலும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். கடைசி வருட மாணவர் ஒருவரின் வேலையைக் காட்டச் சொல்லுங்கள்: கையால் போட்ட வரைபடம், சைட்டில் எடுத்த அளவு, எஸ்டிமேட். கம்ப்யூட்டரில் செய்த பளபளப் படங்களை மட்டும் காட்டினால் முன்பணம் கட்டாமல் வந்துவிடுங்கள்.