"காசுக்காகத்தானே என்னை வைத்திருக்கிறீர்கள்?": வளர்ப்புப் பராமரிப்பு கேள்வி பதில்

பெற்றோருடன் வாழ முடியாத பிள்ளையை, தத்து எடுக்காமல், வேறொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பதே வளர்ப்புப் பராமரிப்பு. குழந்தைகள் இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் பணியாற்றும் ஆற்றுப்படுத்துநர் ஒருவர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (திண்டுக்கல் வாசகி): எங்களிடம் வந்திருக்கும் 13 வயதுப் பெண், இட்லியையும் சப்பாத்தியையும் தலையணை உறைக்குள் ஒளித்து வைக்கிறாள். அறையெல்லாம் எறும்பு. கேட்டால் கொடுக்க மாட்டோமா?

பதில்: கொடுப்பீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது. வெறும் வயிற்றோடு தூங்கிப் பழகிய பிள்ளை, கையில் இருப்பதைத்தான் நம்பும். "திருட்டு" என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது, பாட்டி உட்பட. இறுக்கமான மூடி உள்ள டப்பா ஒன்றில் முறுக்கு, கடலைமிட்டாய், பிஸ்கட் போட்டு அவள் அறையிலேயே வையுங்கள். "இது உன்னுடையது. எந்த நேரமும் எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம்" என்று சொல்லுங்கள். தீர்ந்ததும் அவள் வாய் திறக்கும் முன்பே நிரப்பிவிடுங்கள். எத்தனை தின்றாள் என்று கணக்குப் பார்த்தால் எல்லாம் வீண். இரவில் சமையலறையைப் பூட்டும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம். டப்பா நிறைந்தபடியே கிடக்கத் தொடங்கினால் பயம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி (சேலம் வாசகி): 16 வயதுப் பையன். எதற்கெடுத்தாலும் கதவை அறைகிறான். "காசுக்காகத்தானே என்னை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டான். என் கணவரும் கோபத்தில், "ஹோமிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

பதில்: அந்த மிரட்டல் மட்டும் இனி வேண்டாம். பலமுறை இடம் மாறிய பிள்ளை, எப்படியும் துரத்தப் போகிறார்கள், அதை நானே முடித்து வைக்கிறேன் என்று உரசிப் பார்ப்பான். உங்கள் கணவர் அவனுடைய சந்தேகத்தை உறுதிப்படுத்திவிட்டார். சொன்னதை அவர்தான் திரும்பப் பெற வேண்டும்: "கோபத்தில் சொன்னது தவறு. உன்னை அனுப்ப மாட்டேன். ஆனால் கதவை அறைவது இந்த வீட்டில் கூடாது." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம், முரண்பாடு ஒன்றும் இல்லை.

காசு விஷயத்தில் மழுப்பாதீர்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. உங்களுக்கு அது வருகிறதென்றால் பாஸ்புக்கை அவன் முன் விரித்து வையுங்கள். பதினாறு வயதுப் பையனை வளர்க்க அது எந்த மூலைக்குக் காணும் என்று அவனே கணக்குப் போடட்டும்.

கேள்வி: எங்களிடம் வளரும் பெண், பெற்ற தாய் வந்து பார்த்துவிட்டுப் போனால், இரண்டு நாள் யாரோடும் பேசுவதில்லை. சந்திப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: அது, இப்பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் சட்டபூர்வ அமைப்பான குழந்தைகள் நலக் குழு எடுக்க வேண்டிய முடிவு, உங்கள் கையில் இல்லை. வளர்ப்புப் பராமரிப்பு தத்து அல்ல; அந்தத் தாய் அவள் வாழ்க்கையில் இருக்கிறார். சந்திப்பில் மிரட்டலோ அடியோ இருந்தால் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். வெறும் வருத்தம் என்றால் இடம் கொடுங்கள். அன்று மாலை விருந்தாளிகள் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது இந்த வயதில் எளிது. தாயை அவளே திட்டினாலும் நீங்கள் ஆமாம் போடாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் வளரும் பெண்ணின் பிறந்தநாள் படத்தை ஃபேஸ்புக்கில் போடலாமா?

பதில்: கூடாது. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு, இப்பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். படத்தை அச்சிட்டு வீட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): பையனுக்கு 17 நடக்கிறது. 18 முடிந்ததும் என்ன ஆகும்?

பதில்: இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவில், 18 முடிந்து குழந்தைகள் இல்லங்களை விட்டு வெளியேறுவோருக்குப் பின்பராமரிப்பு உதவி, அதாவது சொந்தக் காலில் நிற்கும் வரையிலான உதவி, இருக்கிறது, பொதுவாக 21 வயது வரை. உங்கள் வீட்டில் வளரும் பையனுக்கும் அது கிடைக்குமா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இப்போதே கேட்டு வையுங்கள். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அவன் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும். 18க்குப் பிறகும் அவன் உங்கள் வீட்டில் இருக்கலாம் என்றால் அதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அவன் வாய்விட்டுக் கேட்க மாட்டான்.