கேள்வி பதில்: ஆறு டீம், நாலு செக்யூரிட்டி ஆட்கள்

கேள்வி: கீழக்கரையில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறேன். சென்னையில் இருக்கும் கம்பெனியில் ஆறு டீம். ஒவ்வொன்றும் தானே முடிவெடுத்துத் தானே ரிலீஸ் பண்ணும். செக்யூரிட்டிக்கு நாங்கள் நாலு பேர் தனியாக இருந்தோம். இப்போது எங்களைப் பிரித்து ஆளுக்கொரு டீமில் போடப்போகிறார்கள். தொழில் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போகலாமா?

பதில்: போங்கள். ஆனால் உங்கள் அப்ரைசலை யார் எழுதுவார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். டீம் மேனேஜர்தான் என்றால் யோசிக்கணும், ஏனென்றால் அவருக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸ் போயாக வேண்டும், நீங்களோ "ஓட்டை இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டிய ஆள், அவரே மார்க்கும் போட்டால் கொஞ்ச நாளில் நீங்களும் தலையாட்டப் பழகிவிடுவீர்கள். பாட்டு கேட்கும் ஆப் நடத்தும் ஸ்பாட்டிஃபை கம்பெனியின் அமைப்பு என்று 2012இல் வெளியானதில் சின்ன டீம் 'ஸ்குவாட்'. ஒரே தொழில்காரர்களைப் பல டீம்களிலிருந்து சேர்த்தால் 'சாப்டர்', சம்பளமும் வளர்ச்சியும் அதன் தலைவர் பொறுப்பு. (சொன்னபடி அங்கேயே முழுசாக நடக்கவில்லை என்று உள்ளே இருந்தவர்கள் பிறகு எழுதினார்கள். இருந்தாலும் இந்த ஒரு ஏற்பாடு நல்லது.)

உள்ளே உட்காருவதில் லாபம் நிஜமாகவே உண்டு. முகவரியின் கடைசியில் உள்ள பில் எண் 1041ஐ 1042 ஆக்கினால் அடுத்தவர் பில் திறந்துகொள்ளும், அடிக்கடி வரும் தவறு. டிசைன் பேசும்போதே "பில் இவருடையதுதானா என்று சர்வர் பார்க்கிறதா?" என்று கேட்டால் முடிந்தது விஷயம், ரிலீசுக்கு முந்தின நாள் சொன்னால் சண்டைதான். ஆனால் சென்னை ஆட்கள் டீக்கடையில் பேசி முடித்தது கீழக்கரைக்கு எட்டாது. டிசைன் முடிவை எழுதிப் போட்ட பிறகுதான் கோட் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

தொழில் மறக்காமல் இருக்க நாலு பேரும் வாராவாரம் கூடி, ஒருவர் பார்த்த கோடை இன்னொருவர் பாருங்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே ஓட்டை வந்ததே (ஜாவா மென்பொருளில் நடப்பதைக் குறித்துவைக்கும் லைப்ரரி அது), அது வேறு எந்த லைப்ரரிக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேட டீமுக்குள் ஆள் வேண்டியிருந்தது. ஆனால் அதன் 2.15 வெர்ஷன் போட்டால் போதும் என்றார்கள், போதவில்லை, 2.16 வந்தது, அப்புறம் 2.17. இதை ஆறு டீமும் தனித்தனியாகத் துரத்தினால் வேலை விளங்காது, நாலு பேர் பேசி ஒரே முடிவாகச் சொல்லணும்.

ஆள் இல்லாத இரண்டு டீமும் உங்களைத்தான் இழுக்கும். அதனால் ஒரு டீமில் எத்தனை மாதம் என்று முன்கூட்டியே பேசி, அங்கிருந்து கிளம்புவதற்குள் அங்குள்ள ஒரு டெவலப்பரைத் தயார் பண்ணிவிடுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் மீன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். டீமுக்கு ஒரு டேட்டாபேஸ் ஆளைக் கொடுத்தார்கள். இப்போது டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க எழுதும் எல்லாக் குவெரியும் அவர் தலையில்! என்ன செய்வது?

பதில்: அவர் எழுதக் கூடாது. மற்றவர்கள் எழுதட்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையை ஓட்டி, பத்து வரிக்காக டேபிள் முழுக்கப் படிக்கிறதே என்று காட்டட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, உங்களுக்கும் எண்ட்ரி குறைவாகத்தான் இருக்கும். அப்போது அவரைப் பத்து நாள் லீவில் அனுப்புங்கள், போன் பண்ணாதீர்கள். எந்த வேலை நிற்கிறதோ, அவர் திரும்பி வந்ததும் முதலில் அதைச் சொல்லிக்கொடுக்கட்டும்.