தலைமைப் பயிற்சியும் ரிஜெக்ஷன் கணக்கும்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் சூப்பர்வைசர்கள் அனைவரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு விடுதிக்கு மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்ப எங்கள் முதலாளி விரும்புகிறார். இதனால் நிறுவனத்தின் லாபம் உண்மையிலேயே கூடுமா? கூடினால் அதை எப்படிக் கணக்கில் காட்டுவது?
– ஒரு வாசகர், கொரட்டூர்

பதில்: கூடலாம், ஆனால் அது விடுதியில் நடப்பதைவிட, திரும்பி வந்தபின் உங்கள் மெஷின் ஷாப்பில் நடப்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஃபோர்மேன்களை ஆராய்ந்து உளவியலாளர் எட்வின் ஃப்ளைஷ்மன் 1953-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தொழிலாளர்களை அக்கறையோடு நடத்த வேண்டும் என்ற எண்ணம் பயிற்சி முடிந்த கையோடு அவர்களிடம் கூடியிருந்தது. ஆலைக்குத் திரும்பிய பின்போ, ஒவ்வொருவரும் தத்தம் மேலதிகாரி நடந்துகொள்ளும் விதத்தையே பெரிதும் பின்பற்றினர்.

உங்கள் ஆலையிலும் இதைக் காணலாம். தரமில்லை என்று கழிக்கப்பட்டு (அதாவது ரிஜெக்ஷன் ஆகி) சிவப்புப் பெட்டியில் சேர்ந்துகிடக்கும் பீஸ்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஆப்பரேட்டரைத் திட்டாமல், எந்த ஆப்பரேஷனில் அளவு தவறுகிறது என்று விசாரிக்க ஒரு சூப்பர்வைசர் பயிற்சியில் கற்றுக்கொள்கிறார். அந்த நேரத்தில் ஒர்க்ஸ் மேனேஜர் போனில் அழைத்து, “முதல்ல லாரியை அனுப்புங்க, விசாரணையெல்லாம் அப்புறம்” என்று சொன்னால், அடுத்த வாரம் அந்தச் சூப்பர்வைசர் விசாரிக்கவே மாட்டார். ஆகவே முதலில் பயிற்சி பெற வேண்டியவர் ஒர்க்ஸ் மேனேஜர் என்பது என் கருத்து.

இதனால் பயிற்சியே வீண் என்று சொல்லிவிட முடியாது. தலைமைப் பயிற்சி குறித்த 335 மாதிரிகளை (ஆய்வுகளில் கவனிக்கப்பட்ட குழுக்களை) தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வு, இத்தகைய பயிற்சிகள் நடத்தையிலும் நிறுவனத்தின் விளைவுகளிலும் முன்னேற்றம் தருவதாகவே முடிவுசெய்தது. தேவையை முன்கூட்டியே ஆராய்ந்து, இடைவெளி விட்டு, பணியிடத்திலேயே, செய்துபார்க்கும் வாய்ப்போடு நடத்தப்பட்டவை கூடுதல் பலன் தந்தன என்றும் அது கூறுகிறது. கடற்கரை விடுதியில் தொடர்ச்சியாக மூன்று நாள் என்ற திட்டம் இதற்கு நேர் எதிரானது (சாப்பாடு நன்றாக இருக்கும், அதை மறுப்பதற்கில்லை).

இனி கணக்கு. அமெரிக்கப் பயிற்சி நிபுணர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை அளக்க நான்கு படிகளை வகுத்தார்: பங்கேற்றவரின் திருப்தி, கற்றது, பணியில் மாறிய நடத்தை, நிறுவனத்துக்குக் கிடைத்த விளைவு. கடைசி நாளில் நிரப்பி வாங்கும் ஃபீட்பேக் படிவம் முதல் படியை மட்டுமே அளக்கும். அதற்காக நேராக லாப நட்டக் கணக்கைப் பார்ப்பதும் பயன்தராது. ஸ்டீல் விலையும், வாடிக்கையாளர் கேட்கும் விலைக் குறைப்பும் பயிற்சியின் பலனை அதில் மூழ்கடித்துவிடும். ரிஜெக்ஷன் விகிதம், தவறிய பீஸ்களைத் திருத்தச் செலவாகும் ரீவொர்க் நேரம், ஓவர்டைம், சொல்லாமல் எடுக்கும் விடுப்பு ஆகியவற்றை லைன் வாரியாக, பயிற்சிக்கு முன் மூன்று மாதமும் பின் ஆறு மாதமும் குறித்து வாருங்கள். எல்லோரையும் ஒன்றாக அனுப்பாமல், பாதி லைன்களின் சூப்பர்வைசர்களை முதலிலும் மற்றவர்களைப் பிறகும் அனுப்பினால் இரு தரப்பையும் ஒப்பிடலாம். தீபாவளி விடுமுறையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் வருகையைக் குலைக்கும் என்றாலும், இரு தரப்பையும் ஒருபோலவே பாதிப்பதால் ஒப்பீடு கெடாது. ரிஜெக்ஷன் குறைந்தால் மிச்சமாகும் மூலப்பொருளுக்கும் மெஷின் நேரத்துக்கும் விலை போடுவது உங்களுக்குக் கைவந்த கலை. அதிலிருந்து பயிற்சிக் கட்டணத்தோடு, சூப்பர்வைசர்கள் ஆலையில் இல்லாத நாட்களின் சம்பளத்தையும் கழிக்க மறவாதீர்கள்.

விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், பயிற்சியின் முதல் நாளில் ஒர்க்ஸ் மேனேஜரும் உடன் அமர்வாரா என்று முதலாளியிடம் கேளுங்கள். அவருக்கு நேரமில்லை என்று பதில் வந்தால், நேரம் கிடைக்கும் மாதத்துக்குப் பயிற்சியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.