சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போகும்போது வழியிலுள்ள அருங்காட்சியகங்களைப் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

கேள்வியில் நீங்கள் சொன்னவை: சென்னையில் வீடு, சொந்தக் கார், பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள், கையில் நான்கு நாள். மதுரை போய்த் திரும்ப வேண்டும். கோயில்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று, இந்த முறை அருங்காட்சியகங்கள்தான் முக்கியம்.

மேப்பைத் திறப்பதற்கு முன் காலண்டரை எடுங்கள். இந்தப் பாதையில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, வார விடுமுறைதான் பிரச்சினை. எழும்பூர், புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான். மாவட்ட அரசு அருங்காட்சியகங்கள் இரண்டாம் சனிக்கிழமையும் மூடும் வழக்கம் உண்டு. கீழடிக்குச் செவ்வாய் விடுமுறை. தஞ்சை சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்குப் புதன். முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா என்ற கைவினை, பண்பாட்டு அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய்தான்.

முதல் நாள் தஞ்சாவூர், இரண்டாம் நாள் தஞ்சையும் புதுக்கோட்டையும், மூன்றாம் நாள் கீழடியும் மதுரையும், நான்காம் நாள் திரும்புதல் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிழமையாகக் கிளம்பிப் பாருங்கள். ஞாயிறு கிளம்பினால் கீழடிக்குப் போகும் நாள் செவ்வாய். செவ்வாய் கிளம்பினால் புதனன்று சரஸ்வதி மகால் போச்சு. புதன் கிளம்பினால் வெள்ளியன்று காந்தி அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். வியாழன் கிளம்பினால் புதுக்கோட்டை கிடைக்காது. வெள்ளி கிளம்பினால் புதுக்கோட்டை சனிக்கிழமையில் விழும், அது இரண்டாம் சனியாக இருந்தால் வம்பு. எதுவும் இடிக்காதவை சனியும் திங்களும் மட்டுமே. பிள்ளைகளின் பள்ளியை நினைத்தால் சனி காலை கிளம்பிச் செவ்வாய் மாலை திரும்புவதே சரி. ஞாயிறன்று தஞ்சை அரண்மனையில் கூட்டம் இருக்கத்தான் செய்யும், காலையிலேயே உள்ளே போய்விட்டால் சமாளிக்கலாம். தேசிய விடுமுறை நாள் நடுவில் வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எழும்பூரைப் பயண நாளோடு சேர்க்காதீர்கள். காலை 9.30க்குத்தான் திறக்கும், பார்த்து முடித்துக் கிளம்பும்போது மதியமாகிவிடும், தஞ்சாவூர் சேர ராத்திரி ஆகும். ஆனால் அதை விடவும் கூடாது. கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் (வெள்ளி தவிர) மூன்று மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். 1851இல் தொடங்கிய இடம் அது. ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள் என்பதால் எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்: அமராவதிச் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர் அகழாய்வுப் பொருட்கள், வெண்கலக் காட்சிக்கூடம். கீழடிக்குப் போகப்போகிறவர்கள் ஆதிச்சநல்லூரை முன்கூட்டிப் பார்த்திருந்தால், அங்கே மட்பாண்டங்களைக் காட்டும்போது ஒப்பிட ஏதாவது கையில் இருக்கும்.

வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரைத் தேடித்தான் எல்லோரும் போவார்கள். நீங்கள் கூடவே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் பார்த்துவையுங்கள். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் அம்மைக்கு ஒரே கை. எத்தனை கை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், மூன்று என்று வந்ததும் திரும்பவும் எண்ணுவார்கள். சீர்காழிக்குப் பக்கத்திலுள்ள திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இன்று ஒரே இடத்தில் இல்லை. அர்த்தநாரீசுவரர் எழும்பூரில் இருக்கிறார், ரிஷபவாகனரும் கல்யாணசுந்தரரும் பிட்சாடனரும் தஞ்சாவூரில். இந்தப் பயணத்தில் இரண்டு பங்கையும் பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால், இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதும்.

தட்சிணசித்ரா அருமையான இடம், ஆனால் அதற்கு அரை நாளுக்கு மேல் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போனால் தஞ்சைக்கும் தாமதமாகும். இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சனி காலை 5 மணிக்கு வண்டி தாம்பரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தால் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை ஊர்வலம்தான். பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகள் கடந்து திண்டிவனம், பிறகு விக்கிரவாண்டி. அங்கே திருச்சி சாலையை விட்டுப் பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியே தஞ்சாவூர் போகும் சாலையைப் பிடியுங்கள். திருச்சியைச் சுற்றிப் போவதைவிட இது ஐம்பது, அறுபது கிலோமீட்டர் குறைவு. இதை நான்கு வழியாக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்தது, அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்புப் பகுதி எப்படி இருக்கிறது என்று அண்மையில் போனவர்களிடம் கேளுங்கள். மேப் காட்டும் நேரத்தோடு முக்கால் மணி சேர்த்துக்கொள்வது நல்லது. அறுவடைக் காலமென்றால் உட்சாலைகளில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், கதிரறுக்கும் இயந்திரம் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு முன்னால் போகும். இந்தப் பக்கம் இருட்டிய பின் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இல்லையென்றால் சாவடியில் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். சொந்தக் காருக்கு 2025இல் 3,000 ரூபாய்க்கு ஆண்டுப் பாஸ் வந்தது (இப்போதைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்), ஓராண்டு அல்லது 200 முறை கடப்பது வரை செல்லும். வருடத்தில் இரண்டு மூன்று முறை தென்மாவட்டம் போகிறவர்களுக்கு லாபம். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான் அது, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் செல்லாது. வழிநெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பலகை வைத்திருப்பார்கள். பித்தளை டபராவைப் பார்த்து ஏமாறாமல், உண்மையான கும்பகோணத்துக்கே போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

காலை 10 மணி வாக்கில் கங்கைகொண்ட சோழபுரம் வரும். கோயில் வேண்டாம் என்றீர்கள், ஆனால் இதை மட்டும் விதிவிலக்காக்குங்கள். வடபுறச் சுவரில் சண்டேசர் என்ற அடியாருக்குச் சிவன் பூச்சரம் சூட்டும் சிற்பம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும் சோழர் கலை, இருந்த இடத்திலேயே எப்படி நிற்கிறது என்று தெரியும். கல் தரை வெறுங்காலைச் சுடும், வெயில் ஏறும் முன் சுற்றி முடியுங்கள். கும்பகோணத்தில் சாப்பாடு, மூன்று மணிக்குத் தஞ்சை அரண்மனை.

அரண்மனையில்தான் பலர் குழம்புவார்கள். ஒரு வாசல், உள்ளே பல அருங்காட்சியகங்கள், நிர்வாகம் வேறு வேறு, டிக்கெட்டும் தனித்தனி. முதல் கவுண்டரில் வாங்கிய சீட்டு எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைக்காதீர்கள். பத்து, இருபது, ஐம்பதாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கேமராவுக்குத் தனிக் கட்டணம். மதியம் 1 மணிக்கு மூடி இடைவேளை விடும் பகுதிகளும் உண்டு, அதனால் 12.45க்குப் போய் நிற்காதீர்கள். சனி மாலையைக் கலைக்கூடத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். 1951இல் தொடங்கியது. ரிஷபவாகனர் கால் மாற்றி, சாய்ந்து நிற்பார். ஒரு கை காளையின் மேல் ஊன்றியபடி இருக்கும், ஆனால் காளை இல்லை. கை மட்டும் வெறுங்காற்றில் நிற்கிறது. சடையைப் பாம்போடு சேர்த்துத் தலைப்பாகை போலச் சுற்றியிருப்பதைப் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். 1011இல் செய்தளித்ததாகவும் தேவியை மறு ஆண்டு சேர்த்ததாகவும் திருவெண்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. ராஜராஜன் காலம்.

ஞாயிறு காலை மணிக்கோபுரப் பக்கத்தில் திமிங்கல எலும்புக்கூடு, பிறகு சரஸ்வதி மகால் அருங்காட்சியகம். சின்ன இடம்தான். மனித முகங்களையும் விலங்கு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ புரோன் வரைந்த படங்களின் அச்சுகளைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்த சேகரிப்பின் வீச்சு அங்கே புரியும்.

தஞ்சையிலிருந்து கந்தர்வக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டை 60 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அருங்காட்சியகம் ஊருக்குள் இல்லை, திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. மேப்பில் அந்தப் பெயரையே போடுங்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தார் 1910இல் தொடங்கிய இடம் இது. பாடம் செய்த விலங்குகள், ஆயுதங்கள், செப்புத் திருமேனிகள் எல்லாம் பழைய பாணியில் அடுக்கியிருக்கும், அதுவே அதன் அழகு. நாணயங்களில் அம்மன் காசைத் தேடுங்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் ‘விஜய’ என்று தெலுங்கில். அந்த அம்மன் குடியிருக்கும் கோயிலும் அதே திருக்கோகர்ணத்தில்தான். நேரமாகிவிட்டால் குகை ஓவியங்கள் உள்ள சித்தன்னவாசலை விட்டுவிடுங்கள், அது எதிர்த்திசை.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம், திருப்பத்தூர், மேலூர் வழியே மதுரை சுமார் 110 கிலோமீட்டர். திருப்பத்தூர் என்று தட்டினால் வாணியம்பாடிப் பக்கத்துத் திருப்பத்தூரையும் மேப் காட்டும். சிவகங்கை மாவட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

திங்கள் காலை கீழடி. மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் சிலைமான் தாண்டித் திரும்ப வேண்டும், 12 கிலோமீட்டர்தான். மார்ச் 2023இல் திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் தனித்தனிக் கட்டடங்கள், நடுவே திறந்த முற்றம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெயிலில் நடக்க வேண்டியிருக்கும், திறந்ததுமே போய்விடுங்கள். காணொளிக் காட்சிகளிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டுப் பொருட்களை ஓட்டமாகப் பார்க்கிறவர்கள் அதிகம். ‘ஆதன்’ என்று தமிழி (பழந்தமிழ் எழுத்து) பொறிப்புள்ள பானை ஓடு, தாயக்கட்டைகள், சுடுமண் ஆட்டக்காய்கள், தந்தச் சீப்பு, பக்கத்து ஊரான கொந்தகையின் முதுமக்கள் தாழிகள் ஆகியவற்றுக்குப் பாதி நேரத்தையாவது வையுங்கள். பானை ஓட்டில் எழுத்து கீறலாகத்தான் இருக்கும், குனிந்து பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும்.

காந்தி நினைவு அருங்காட்சியகம் 1 முதல் 2 வரை மூடியிருக்கும், அதனால் சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குப் போங்கள். அனுமதி இலவசம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்தது. விடுதலைப் போராட்டப் படவிளக்கங்கள் நீளமானவை. பிள்ளைகள் அங்கேயே களைத்தால், கடைசியில் இருக்கும் ரத்தக்கறை படிந்த காந்தியின் வேட்டியை அலட்சியமாகக் கடந்துவிடுவார்கள். வேட்டியை முதலில் பார்த்துவிட்டு மற்றதுக்கு வருவது உத்தமம். திருமலை நாயக்கர் மகாலுக்கு 4 மணிக்குள் போய்ச் சேருங்கள், எந்த இடத்திலும் மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே கவுண்டரைச் சாத்திவிடுவார்கள்.

செவ்வாய் காலை 6 மணிக்கு மதுரையை விட்டால், திருச்சி வழியாக 460 கிலோமீட்டர், நிறுத்தங்களோடு எட்டரை மணி நேரம். மாலை 4 மணிக்குள் செங்கல்பட்டைத் தாண்டவில்லை என்றால் வண்டலூரில் வெளிவட்டச் சாலைக்குத் திரும்பிவிடுங்கள், வீடு மேற்கிலோ வடக்கிலோ இருந்தால் அதுவே சீக்கிரம்.