அரசமரத்தில் ஒரு பூஜ்ஜியம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் அரசமரத்துக்கு 300 வயது என்று பலகை வைக்கப்போகிறார்கள். அடிமரச் சுற்றளவு 420 செ.மீ. அதில் ‘மணி 1940’ என்று செதுக்கியிருக்கிறது. 0 மட்டும் 8 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம். இப்போது இடுப்பு உயரத்தில் இருக்கிறது. மரம் வளர வளர எழுத்தும் மேலே ஏறிவிடும், முதலில் தரையோரம் செதுக்கியிருப்பார்கள் என்கிறார் ஒரு பெரியவர். செல்போன் ஆப் 210 வயது காட்டுகிறது. டிரில் போட்டு வளையம் எண்ணலாம் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். எதை நம்புவது? பிள்ளையார் முதலில் வந்தாரா, மரமா?

கே., மேற்கு மாம்பலம்

அன்புள்ள கே.,

மரத்தின் வயதைக் கேட்பவர்கள் போட்டோ அனுப்புவார்கள். நீங்கள் ஒரு பூஜ்ஜியத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். மரத்தை இழுத்து அணைத்துப் படம் எடுப்பதைவிட அதில் அன்பு அதிகம்.

பெரியவர் சொல்வது தவறு. மரம் உயர்வது கிளை நுனிகளில் மட்டும். அடிமரம் பட்டைக்கு உள்ளிருக்கும் மெல்லிய வளர்படலத்தால் பக்கவாட்டில் பருக்கும், அவ்வளவுதான். ஐந்தடியில் அடித்த ஆணி ஐம்பது வருடம் கழித்தும் ஐந்தடியில்தான் இருக்கும். உங்கள் ஊரில் எழுத்து ஏறாது, இறங்கும். மேற்கு மாம்பலத்தில் இருந்துகொண்டு இது தெரியவில்லையா? ரோடு மேல் ரோடு போட்டு வாசல்படிகள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. மரத்தைச் சுற்றி மேடை கட்டி மண் நிரப்பியிருந்தால் இன்னும் இரண்டடி போயிருக்கும். மணி நின்றபடி, நெஞ்சுயரத்தில்தான் செதுக்கியிருப்பார். தரை ஏறியதால்தான் அது இப்போது இடுப்பு உயரத்தில் தெரிகிறது.

எழுத்து உயரத்தில் நீளாது, சுற்றளவோடு சேர்ந்து அகலத்தில் விரியும். உங்கள் 0 முதலில் சரிவட்டமாக இருந்தது என்று வைத்துக்கொண்டால், 8 செ.மீ. 14 ஆனது 1.75 மடங்கு. 420-ஐ 1.75-ஆல் வகுத்தால் 240. செதுக்கிய அன்று சுற்றளவு 240 செ.மீ. ஆனால் யாரும் பூஜ்ஜியத்தை வட்டமாகப் போடுவதில்லை, ஒடுக்கமாகவே போடுவார்கள். 6 செ.மீ. அகலம் என்றால் 2.33 மடங்கு, அன்றைய சுற்றளவு 180. 180-லிருந்து 240-க்குள் என்று வையுங்கள். ஒன்று கவனியுங்கள். காயம் ஆறும்போது கோட்டின் இரு ஓரமும் உதடுபோல் தடிக்கும். வெளி ஓரத்தில் அளந்தால் கணக்கு ஏறிவிடும். ஒரு கோட்டின் நடுப்பள்ளத்திலிருந்து மறு கோட்டின் நடுப்பள்ளம் வரை மறுபடி அளந்து பாருங்கள்.

1940 உண்மையானால் சுமார் 85 ஆண்டுகளில் 180 முதல் 240 செ.மீ. பருத்திருக்கிறது, ஆண்டுக்கு 2.1 முதல் 2.8. அதற்கு முன்பும் இதே வேகம் என்று கொண்டாலும் மொத்த வயது 150-க்கும் 200-க்கும் இடையில்தான் நிற்கிறது. இளமரம் இதைவிட வேகமாகப் பருக்கும், ஆகவே இன்னும் குறையலாம். 300 எங்கிருந்து வந்தது?

ஆப்பை விடுங்கள். ஓக், மேப்பிள் மரங்களுக்குப் போட்ட பெருக்கல் அது. டிரில்லைத் தொடவே கூடாது. அதில் தூள்தான் வரும், வளையம் வராது. ஆராய்ச்சிக்காரர்கள் பயன்படுத்துவது பென்சில் கனத்தில் ஒரு மரக்குச்சியை உடையாமல் உருவியெடுக்கும் குழல் துளைப்பான். அது இருந்தாலும் அரசில் பயனில்லை. தேக்கு இலை உதிர்த்து ஓய்ந்து ஆண்டுக்கொரு வளையம் தெளிவாக விடும். ஆல், அரசு வகையில் தெரியும் வெளிர்க் கோடுகளுக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. துளை வழியாகப் பூஞ்சை இறங்குவதுதான் மிச்சம். 450 வயது என்று சொல்லப்படும் அடையாறு ஆலமரத்தையே பாருங்கள், அதன் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள் நிற்கின்றன. அங்கே 450 வருடம் என்பது அந்த மரக்குடும்பத்தின் வயது, இன்று நிற்கும் எந்தத் தண்டின் வயதும் அல்ல. பிள்ளையாரா மரமா என்பதை ஊர்ப் பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள்.

இனி நான் சொல்ல நினைத்தது. வயது வயது என்று கேட்கிறீர்களே, இந்த மரத்தை ஒருவராவது இரண்டு முறை அளந்ததுண்டா? 12 டிசம்பர் 2016, வர்தா புயல். அன்று சாய்ந்த எத்தனையோ மரங்களை மறுநாளே அறுத்து லாரியில் ஏற்றினோம். அவற்றின் சுற்றளவை யாராவது சாய்வதற்கு முன்பே ஆண்டுதோறும் குறித்துவைத்திருந்தால் இந்த ஊரில் எந்த மரம் எவ்வளவு வேகத்தில் பருக்கிறது என்று இன்று தெரிந்திருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லாமல் பலகை மட்டும் வைக்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

பிப்ரவரியில் அளங்கள். மழையில் பட்டை ஊறிப் பருத்திருக்கும், அந்தக் கணக்கு பொய். தையற்கார டேப் வேண்டாம். அது 150 செ.மீ.தான், துணி டேப் இழுபடவும் செய்யும். இழுபடாத நீள டேப் வாங்குங்கள். பழைய தரைமட்டத்திலிருந்து 137 செ.மீ. உயரத்தில், டேப் எங்கும் சாயாமல், ஒருவர் பின்பக்கம் நின்று சரிபார்க்க, மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். அந்த இடத்தில் முண்டு இருந்தால் சற்றுக் கீழே இறக்கி, எவ்வளவு இறக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அரசோடு வேம்பையும் சேர்த்து நட்டிருந்தால் இரண்டையும் ஒன்றாகச் சுற்றிவிடாதீர்கள், பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அடுத்த பிப்ரவரியிலும் அதே உயரம், அதே டேப். ஐந்து முறை அளந்தபின் ஆண்டுக்கு 2 செ.மீ. அளவில் வந்தால் மணி உண்மையான வருடத்தைத்தான் போட்டிருக்கிறார். 5, 6 என்று வந்தால் யாரோ பிற்காலத்தில் பழைய வருடத்தைச் செதுக்கியிருக்கலாம்.

எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று யாராவது கத்தி எடுத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். பட்டையடியில்தான் மரத்தின் உணவு இறங்குகிறது. பலகையில் ‘420 செ.மீ.’ என்று போட்டு, அளந்த தேதியையும் கீழே எழுதுங்கள். அதை மரத்தில் ஆணியடிக்காமல் தனிக் கம்பத்தில் மாட்டுங்கள்.