வாட்ச் காட்டும் கலோரியையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

கேள்வி: நான் 36 வயதுப் பெண். உயரம் 160 செ.மீ., எடை 82 கிலோ. தினமும் 1,800 கலோரி சாப்பிட்டால் எடை குறையும் என்று மொபைல் ஆப் சொன்னது. வாரத்தில் 5 நாள் ட்ரெட்மில்லில் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிறேன். அதற்கு 450 கலோரி செலவானதாக வாட்ச் காட்டுகிறது. ஆப் அதையும் கூட்டி, அன்றைக்கு 2,250 வரை சாப்பிடலாம் என்கிறது. அப்படியே சாப்பிடுகிறேன். இரண்டு மாதத்தில் ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பு உங்கள் நடையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஒரே நடையை இரண்டு தடவை வரவு வைக்கிறீர்கள்.

ஆப்பில் முதன்முதலாகப் பதிவு செய்தபோது 'நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பு?' என்று கேட்டிருக்கும், நீங்களும் 'நடுத்தரம்' என்று தட்டியிருப்பீர்கள். எப்படித் தெரியும் என்றால், உங்கள் வயது, உயரம், எடைக்கு உடல் சும்மா இருந்தாலே செலவாகும் கலோரி சுமார் 1,480. 'நடுத்தரம்' என்றால் அதை 1.55-ஆல் பெருக்குவார்கள், கிட்டத்தட்ட 2,290 வரும். எடை குறைய அதில் 500-ஐக் கழித்தால் 1,790, அதாவது உங்கள் 1,800. ஆக, அந்த 1,800-க்குள்ளேயே உங்கள் ட்ரெட்மில் நடை அடங்கிவிட்டது. அதற்கு மேல் 450 சாப்பிட்டால் நடக்கும் நாட்களில் மிஞ்சும் பற்றாக்குறை வெறும் 50 கலோரிதான். நடக்காத 2 நாட்களின் 500-ஐயும் சேர்த்தால் வாரத்துக்கு 1,250. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. இந்த வேகத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு கிலோ குறைந்ததே நியாயமான கணக்குதான்.

சரி, அந்த 450-ஆவது உண்மையா? 82 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 350 செலவாகும். அதிலும் 80 போல, அந்த ஒரு மணி நேரம் நீங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடந்ததால் கூடுதலாகப் போனது 270தான். வாட்ச் இதயத் துடிப்பை ஓரளவு சரியாகப் பிடிக்கும், கலோரியில்தான் சொதப்பும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 7 கருவிகளைச் சோதித்தபோது, அவற்றில் நல்ல கருவிக்கே கலோரிக் கணக்கில் சராசரியாக 27 சதவீதம் பிழை, மோசமானதற்கு 93 சதவீதம். இதை நம்பித் தட்டை நிரப்பினால் என்ன ஆகும்? போதாததற்கு, சாப்பிட்டதைக் குறித்து வைக்கும்போது நாம் எல்லோருமே கொஞ்சம் கைக்கு வந்தபடி குறைத்துத்தான் எழுதுகிறோம் (நானும்தான்).

அதனால் ஆப்பில் உடற்பயிற்சிக் கலோரியைக் கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். நடந்தாலும் நடக்காவிட்டாலும் 1,800, அவ்வளவுதான். தினமும் காலையில் எடை பாருங்கள், ஆனால் வாரச் சராசரியை மட்டும் கணக்கில் எடுங்கள். உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் எதுவானாலும் ஒரு நாள் எடையை ஒரு கிலோ ஏற்றி இறக்கும். 4 வாரம் போனதும் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறைந்தால் அப்படியே தொடருங்கள். குறையவே இல்லை என்றால் 100, 150 குறைத்துப் பாருங்கள்.

பயிற்சியில் செலவானதை ஈடுகட்டச் சாப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், சைக்கிள் மிதிக்கும் நாட்களில் வாட்ச் காட்டுவதில் பாதியைச் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்குகிறது, எப்போதும் குளிர்கிறது, தூக்கம் கெடுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்று அர்த்தம். சாப்பாட்டைக் கூட்டுங்கள், மாதவிடாய் நின்றால் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

அப்புறம், ட்ரெட்மில்லில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்களா? தடுமாற்றம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பிடித்தபடி நடந்தால் இந்த 270-உம் வராது.